புகையைப் பிடித்த மின்சாரம்: அறிவு இருந்தும் எண்பது ஆண்டுகள் ஏன் தாமதம்?

தொழிற்சாலை என்றதும் பலருடைய மனக்கண்ணில் முதலில் வந்து நிற்பது வானளாவிய புகைபோக்கிதான். ஒரு காலத்தில் அதிலிருந்து கரும்புகை எழும்பினால் ஊருக்கே மகிழ்ச்சி. ஆலை ஓடுகிறது, ஆட்களுக்கு வேலை இருக்கிறது, வீட்டு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று அதற்குப் பொருள். அந்தப் புகை யார் நெஞ்சில் போய்ப் படிகிறது, யார் வயலில் போய் விழுகிறது என்ற கேள்வி பிறகுதான் எழுந்தது.

இன்று நவீன மின் நிலையங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் அந்தக் கரும்புகையைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. உள்ளே நெருப்பு அணைந்துவிடவில்லை. முன்பைவிட அதிகமாகவே எரிகிறது. ஆனால் புகை வெளியேறும் வழியில் உயர் மின்னழுத்தம் ஏற்றப்பட்ட கம்பிகள் தொங்குகின்றன. தூசியையும் சாம்பலையும் அவை தடுத்துப் பிடித்துவிடுகின்றன. நிலைமின் தூசிப்பிடிப்பான் என்பது இந்தக் கருவியின் பெயர்.

இதன் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. மின்சாரத்தால் புகையைத் தெளிய வைக்கலாம் என்பது 1824ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தது. ஆனால் ஒரு தொழிற்சாலையில் அது உருப்படியாக வேலை செய்ய எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அறிவு இருந்தும் இவ்வளவு தாமதம் ஏன்? இதற்கான விடை ஆய்வுக்கூடத்தில் மட்டும் இல்லை. பாதி விடை வழக்குமன்றத்தில் இருக்கிறது.

ஜாடிக்குள் ஒரு வேடிக்கை

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹோல்ஃபெல்டு என்ற கணித ஆசிரியர் இருந்தார். புகை நிறைந்த ஜாடிக்குள் மின்னூட்டம் பெற்ற ஒரு கம்பியை நுழைத்தால் புகை சட்டென்று தெளிந்துவிடுவதை அவர் 1824ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். பார்ப்பவர்கள் வியந்தார்கள். அதோடு சரி. அது வகுப்பறை வேடிக்கையாகவே நின்றுபோனது.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே உண்மையைத் தாமாகவே மீண்டும் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ். லிவர்பூலில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். வானொலி அலைகளைப் பற்றிய ஆய்விலும் பெயர் பெற்றவர். 1884ஆம் ஆண்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் புகையை நிரப்பி, மின்சாரத்தால் அதைத் தெளியவைத்துக் காட்டினார். இதைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. வேல்ஸ் நாட்டின் வடபகுதியில் பேகில்ட் என்ற ஊரில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் நிர்வாகிகளில் ஒருவரான வாக்கர் முன்வந்தார்.

ஈய ஆலைக்காரர்களுக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் காற்றின் தூய்மை மட்டுமல்ல. புகையோடு போவது ஈயம். ஈயம் போனால் காசும் போகிறது. புகையைக் குளிரவைத்து ஈயத்தைப் படியச் செய்வதற்காக மலைச்சரிவுகளில் நீண்ட புகைவழிகளைக் கட்டும் வழக்கமே அந்நாளில் இருந்தது.

1885ஆம் ஆண்டில் பேகில்ட் ஆலையில் கருவி பொருத்தப்பட்டது. தோல்வியில் முடிந்தது. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. அன்று உயர் மின்னழுத்தத்தைத் தந்தது கண்ணாடி வட்டுகள் சுழலும் விம்ஷர்ஸ்ட் இயந்திரம். மேசைமீது பொறி பறக்கவிட அது போதும். ஆனால் ஓயாமல் புகை வரும் ஆலைக்கு அதன் வலு போதவில்லை. அடுத்தது, ஈயப் புகையின் துகள்கள் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. பிடிப்பதற்கு மிகக் கடினமான தூசியை முதல் முயற்சியிலேயே எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் இருபது ஆண்டுகள் எவரும் இதைப் பெரிதாகத் தொடவில்லை.

நூல் சுற்றிய கம்பி

இனி கதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. 1877ஆம் ஆண்டில் ஓக்லண்டு நகரில் பிறந்த ஃபிரெடரிக் கார்ட்னர் காட்ரெல், ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்து வந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் பினோல் என்ற இடத்தில் டியூபான்ட் நிறுவனத்தின் வெடிமருந்து ஆலை இருந்தது. அங்கே கந்தக அமிலம் தயாரிப்பதில் ஒரு சிக்கல். அமிலம் நுண்ணிய மூடுபனியாகக் காற்றில் மிதந்தது. வடிகட்டிக்கும் அகப்படவில்லை. வேகமாகச் சுழற்றிப் பிரிக்கப் பார்த்தும் பயனில்லை. அப்போதுதான் லாட்ஜின் பழைய சோதனை காட்ரெலின் நினைவுக்கு வந்தது.

லாட்ஜுக்குக் கிடைக்காத இரண்டு வசதிகள் காட்ரெலுக்குக் கிடைத்தன. முதலாவது, காலம் மாறியிருந்தது. நகரங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. மாறுமின்னோட்டத்தை மின்மாற்றியின் துணையால் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்த முடிந்தது. ஆனால் புகையைப் பிடிக்க மின்சாரம் ஒரே திசையில் பாய வேண்டும். மின்னோட்டத்தின் வேகத்துக்கு ஒத்துச் சுழலும் ஒரு தொடர்பு வட்டைப் பொருத்தி, அதையும் அவர் சாதித்தார்.

இரண்டாவது வசதி தற்செயலாக வந்தது. ஒரு நாள் அந்தி மங்கும் நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்கு மின்சாரம் கொண்டுபோன கம்பியின் மேல் பருத்தி நூல் சுற்றியிருந்தது. அந்த நூலில் துருத்தி நின்ற ஒவ்வொரு பிசிறின் நுனியிலும் ஊதா நிற ஒளி மினுமினுப்பதை அவர் கண்டார். வழவழப்பான உலோகத்தைவிட, பிசிறு பிசிறான பரப்பிலிருந்துதான் மின்சாரம் காற்றுக்குள் சீராகக் கசிகிறது என்பது அவருக்குப் புரிந்தது. அமிலம் பருத்தியை அரித்துவிடும் என்பதால், கல்நார் போன்ற இழைகளைக் கம்பியில் முறுக்கிப் பார்த்தார். அமில மூடுபனி படிந்தது. இந்த முறைக்கு 1908ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

உள்ளே நடப்பது என்ன?

இன்றைய கருவிகள் அளவில் ஒரு மாடிவீட்டைவிடப் பெரியவை. ஆனாலும் அடிப்படை அதுவே. புகை செல்லும் பெரிய அறைக்குள் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய கம்பிகள் தொங்கும். தகடுகள் தரையோடு இணைக்கப்பட்டிருக்கும். கம்பிகளில் பெரும்பாலும் 40,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதிர் மின்னழுத்தம் இருக்கும்.

இவ்வளவு அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்று உடைகிறது. கம்பியைச் சுற்றி மங்கலான ஒளி வளையம் தோன்றுகிறது. இதைக் கொரோனா என்பார்கள். மகுடம் என்று பொருள். உலகை முடக்கிய கிருமிக்குப் பெயர் வந்ததும் இதே சொல்லிலிருந்துதான். அங்கிருந்து பறக்கும் எலெக்ட்ரான்கள் காற்றின் மூலக்கூறுகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை எதிர்மின் அயனிகளாக மாற்றுகின்றன. அயனிகள் தூசித் துகளில் ஒட்டுகின்றன. மின்னூட்டம் பெற்ற துகள், தகட்டை நோக்கி இழுக்கப்பட்டு அதில் படிகிறது. அவ்வப்போது ஒரு சுத்தி தகட்டைத் தட்டும். படிந்த தூசி பாளமாகக் கழன்று கீழே உள்ள தொட்டியில் விழும்.

இதன் சிறப்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி வடிகட்டியில் புகை முழுவதையும் துணியின் வழியே தள்ளியாக வேண்டும். இங்கே மின்விசை துகளை மட்டும் பிடித்து இழுக்கிறது. வாயு தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பெரும் அளவிலான சூடான புகையைக் குறைந்த ஆற்றல் செலவில் கையாள முடிகிறது. ஆனால் இதே சிறப்புதான் இதன் குறையும்கூட. அதைக் கலிஃபோர்னியாவின் விவசாயிகள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள்.

குதிரைகளும் ஆரஞ்சுத் தோட்டங்களும்

காட்ரெலின் கருவி ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறிய வேகத்துக்குக் காரணம் ஆலை முதலாளிகளின் ஆர்வம் மட்டுமல்ல. வழக்குகள் துரத்தின. பினோலுக்கு அருகில் செல்பி என்ற இடத்தில் ஈயமும் வெள்ளியும் பிரித்தெடுக்கும் உருக்காலை ஒன்று இருந்தது. நீரிணைக்கு எதிர்க்கரையில் விவசாயிகளும் பெனிசியா நகர மக்களும் வாழ்ந்தார்கள். புகை காற்றோடு கடந்து வந்தது. மேய்ச்சலுக்குப் போன குதிரைகள் நோயுற்றன. மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆலைக்கு எதிராகத் தடையுத்தரவு பிறந்தது. வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஆலையில் வெள்ளியைப் பிரிக்கும் கொப்பரைகளிலிருந்து எழுந்த வெண்ணிற அமில மூட்டத்தை அடக்கத்தான் காட்ரெல் அழைக்கப்பட்டார். கருவி வென்றது. வணிக முறையில் அதன் தொடக்கம் இதுவே எனலாம்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு என்பது ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அதன் அருகே சிமெண்டு ஆலை வந்தது. சூளையிலிருந்து பறந்த தூசி ஆரஞ்சு மரங்களின் இலைகளில் படிந்து இறுகியது. தோட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களும் நீதிமன்றம் போனார்கள். நஷ்ட ஈடு கொடுத்து மாளாது என்ற நிலை வந்தபோது, ஆலை காட்ரெலின் முறையை நாடியது. அங்கே பொறுப்பேற்ற வால்டர் ஷ்மிட் என்ற பொறியாளர் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தார். பிசிறு வைத்த கம்பிக்குப் பதிலாக மெல்லிய உலோகக் கம்பியைத் தொங்கவிட்டு, மின்னழுத்தத்தை உயர்த்தினார். இன்றுவரை நிலைத்திருக்கும் கம்பி, தகடு அமைப்பு அங்கே உருப்பெற்றது.

இதில் எவரும் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியிலிருந்து பொட்டாஷ் உரம் வருவது நின்றுபோனது. சிமெண்டுத் தூசியில் பொட்டாஷ் இருந்தது. நேற்று வரை மரங்களைப் பாழாக்கிய தூசி, மூட்டை கட்டி உரமாக விற்கப்பட்டது.

பிடிபடாத விஷம்

எல்லா இடத்திலும் கதை இப்படி இனிமையாக முடியவில்லை. கலிஃபோர்னியாவின் வடக்கே ஷாஸ்டா மாவட்டத்தில் பலக்லாலா என்ற செப்பு உருக்காலை இருந்தது. செப்புத் தாதுவில் கந்தகம் அதிகம். அதை வறுக்கும்போது தூசியோடு கந்தக டை ஆக்சைடு வாயுவும் வெளியேறும். சுற்றுவட்டாரக் காடுகள் பட்டுப்போயின. பள்ளத்தாக்கின் விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1910ஆம் ஆண்டுவாக்கில் அங்கே காட்ரெலின் கருவி மிகப் பெரிய அளவில் பொருத்தப்பட்டது. நாள்தோறும் டன் கணக்கில் தூசி பிடிபட்டது. புகை வெளுத்தது.

ஆனால் விவசாயிகளின் பயிர் தப்பவில்லை. காரணம் எளியது. மின்சாரம் பிடிப்பது துகளை. கந்தக டை ஆக்சைடு துகள் அல்ல, வாயு. கம்பிகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே அது கண்ணுக்குத் தெரியாமல் நழுவிப் போய்விட்டது. வாயுவின் அளவைக் குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆலையால் நிறைவேற்ற முடியவில்லை. 1911ஆம் ஆண்டில் உருக்காலை மூடப்பட்டது. விவசாயிகளுக்கு நிம்மதி. உருக்காலைத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. தூய காற்றுக்கும் தொழிலாளியின் பிழைப்புக்கும் நடுவிலான இழுபறி இன்று நேற்றுத் தோன்றியதல்ல.

நூறாண்டுக்கு முன் பலக்லாலா கற்றுத் தந்த பாடம் ஒன்றுதான். புகைபோக்கி சுத்தமாகத் தெரிவது வேறு. காற்று சுத்தமாக இருப்பது வேறு.

பணம் வேண்டாம் என்றவர்

காப்புரிமை காட்ரெலைப் பெரும் செல்வராக ஆக்கியிருக்கக் கூடும். அவர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தம் பங்கு உரிமைகளை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அறிவியல் நிலையத்துக்கே கொடுத்துவிட முன்வந்தார். வணிகத்தை நேரடியாக நடத்துவது அந்த நிலையத்துக்குப் பொருந்தவில்லை. அதன் செயலாளர் சார்லஸ் வால்காட்டின் ஆதரவோடு 1912ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பங்குதாரருக்கு லாபம் கிடையாது. தூசிப்பிடிப்பான் ஈட்டும் வருவாய் முழுவதும் அறிவியல் ஆய்வுக்கே போக வேண்டும் என்பது அதன் விதி.

அந்தப் பணம் எங்கெல்லாம் போனது என்பது தனிக் கதை. அணுவின் உள்ளே நுழைந்து பார்க்க உதவிய சைக்ளோட்ரான் கருவியை எர்னஸ்ட் லாரன்ஸ் உருவாக்கத் துணை நின்றது அந்த அமைப்பு. அது வளர்ந்தபின் மற்ற அறிஞர்களின் காப்புரிமைகளையும் பொதுநலனுக்காக நிர்வகித்தது. 1936ஆம் ஆண்டில் உயிர்ச்சத்து பி1-ஐச் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் அவர்களில் ஒருவர். அவர் பிறந்தது தமிழகத்தை ஒட்டிய நெல்லூரில். வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்த மக்களை வாட்டிய பெரிபெரி நோய்க்கு அந்த உயிர்ச்சத்துதான் மருந்து. மலாயாவின் தோட்டங்களையும் சுரங்கங்களையும் அறிந்த பழைய தலைமுறைக்கு அந்த நோயின் பெயர் புதிதல்ல.

லாட்ஜின் முயற்சியும் வீண் போகவில்லை. அவருடைய மகன்கள் இதே தொழிலில் இறங்கினார்கள். பின்னாளில் லாட்ஜ், காட்ரெல் இருவர் பெயரையும் சேர்த்தே இங்கிலாந்தில் ஒரு நிறுவனம் இயங்கியது.

கணக்கும் செலவும்

1920களில் பொடியாக்கிய நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்கள் வந்தன. சாம்பல் மாவு போலப் பறந்தது. தூசிப்பிடிப்பானுக்கு மிகப் பெரிய வேலை அங்கேதான் கிடைத்தது. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆண்டர்சன் அனுபவத்தில் கண்ட ஒரு விதியை, 1922ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டாய்ச் கணக்காக நிறுவினார். அதன் சாரம் இதுதான். நூற்றுக்கு 90 பங்கு தூசியைப் பிடிக்க ஒரு மடங்கு தகடு வேண்டுமானால், 99 பங்கைப் பிடிக்க இரண்டு மடங்கு வேண்டும். 99.9 பங்குக்கு மூன்று மடங்கு.

அதாவது, கடைசியாக மிஞ்சும் அந்தச் சிறு பங்கைப் பிடிக்கத்தான் பெரும் செலவு. நுரையீரலின் ஆழத்துக்குச் செல்லும் மிக நுண்ணிய துகள்கள் அந்தக் கடைசிப் பங்கில்தான் அதிகம் இருக்கின்றன. எந்த முதலாளியும் தானாக மனமுவந்து அந்த மூன்றாவது மடங்கைக் கட்டுவது அரிது. தூசியை விற்றுக் காசாக்க முடிந்த இடத்தில் கருவி தானே போய் உட்கார்ந்தது. காசாகாத இடத்தில் சட்டம் வரவேண்டியிருந்தது.

சட்டம் வந்த விலையும் பெரிது. 1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரில் துத்தநாக ஆலை, எஃகு ஆலைப் புகை நாள்கணக்கில் தேங்கி நின்று 20 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில வாரங்களில், நவம்பர் 16ஆம் நாள், பெர்க்லியில் நடந்த தேசிய அறிவியல் கழகக் கூட்டத்திலேயே காட்ரெல் காலமானார். 1952ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டன் மாநகரைக் கவிந்த புகைப்பனி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 1956ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் தூய காற்றுச் சட்டங்கள் வந்தன.

சட்டம் வந்தபின் ஒரு வேடிக்கையும் நடந்தது. கந்தக வாயுவைக் குறைக்க அமெரிக்க மின் நிலையங்கள் கந்தகம் குறைந்த நிலக்கரிக்கு மாறின. தூசிப்பிடிப்பான்கள் திடீரென்று சோர்ந்துபோயின. சாம்பலில் மின்சாரம் கடந்துபோக அந்தக் கந்தகமே உதவிக்கொண்டிருந்தது. பல இடங்களில் கந்தக டிரை ஆக்சைடைச் சிறிதளவு புகைக்குள் செலுத்திக் கருவியை மீண்டும் ஓட வைத்தார்கள். 1885ஆம் ஆண்டில் லாட்ஜைத் தோற்கடித்த அதே பழைய எதிரிதான் இது. மின்சாரத்தைக் கடத்த மறுக்கும் தூசி.

கிழக்கே வந்த கருவி

சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1979ஆம் ஆண்டில் உலு பாண்டானில் முதல் குப்பை எரிப்பு ஆலை திறக்கப்பட்டபோது, அதன் புகை தூசிப்பிடிப்பான் வழியாகவே வெளியேறியது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1978ஆம் ஆண்டில் வந்த தூய காற்று விதிமுறைகளும் வழி வகுத்தன. 2014ஆம் ஆண்டில் விதிமுறைகள் இறுக்கப்பட்டபின், செம்பனை ஆலைகளின் கொதிகலன்களுக்கும் இக்கருவி வரத் தொடங்கியது. சாம்பல் மிகுந்த நிலக்கரியை எரிக்கும் இந்தியாவுக்கு இத்தகைய கருவிகளைத் தயாரித்துத் தரும் பெரிய ஆலைகளில் ஒன்று தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் உள்ள பெல் நிறுவன ஆலை.

இவ்வளவு சக்தி வாய்ந்த கருவி இருக்கும்போது, 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடிய புகைமூட்டத்தை ஏன் இப்படித் தெளியவைக்க முடியவில்லை என்று கேட்கத் தோன்றும். காடும் கரிநிலமும் எரிந்த நெருப்புக்குப் புகைபோக்கி இல்லை. கம்பியும் தகடும் பொருத்த அங்கே வழியில்லை. வானத்தில் பரவிவிட்ட புகையை எந்த மின்சாரமும் திரும்பச் சேர்த்துக் கட்டிவிட முடியாது. புகை பிறக்கும் இடத்திலேயே மறித்தால்தான் உண்டு.

ஹோல்ஃபெல்டின் ஜாடியில் 1824ஆம் ஆண்டிலேயே புகை தெளிந்தது. ஊரின் காற்று தெளிவதற்கு வலுவான மின்மாற்றி வேண்டியிருந்தது. அந்தி ஒளியில் நூல் பிசிறைக் கவனித்த ஒரு கண் வேண்டியிருந்தது. தம் குதிரைக்காகவும் ஆரஞ்சு மரத்துக்காகவும் நீதிமன்றப் படியேறிய சாதாரண மக்களும் வேண்டியிருந்தார்கள். இந்த மூன்றில் கடைசி ஒன்றைக் காப்புரிமைப் பத்திரங்களில் தேடினால் கிடைக்காது. ஆனால் அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால், அந்தக் கருவி இன்னும் எத்தனை காலம் ஜாடிக்குள்ளேயே இருந்திருக்குமோ!